நெடுங்கேணிக் கற்களும் ஒரு மோதிரவிரலும்

டிசம்பர் முடியச் சில நாட்களே இருந்தன. பூநகரி வாடியடிச் சந்திக்குக் காலை ஐந்தே முக்காலுக்குப் பரந்தன் பஸ் வரும். அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று அடித்துச் சொல்ல ஊரில் ஆளில்லை. ஆகவே ஐந்து மணிக்கே போய் நின்றேன். முதுகில் ஒரு பை, கையில் ஒரு மெத்தை. படுக்கிற மெத்தை அல்ல. இரண்டாக மடித்தால் அரைக் கதவின் அளவு வரும். உள்ளே தடித்த ஸ்பொஞ், வெளியே தறப்பாள் துணி.

பஸ் வந்ததும் கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன தம்பி, கட்டிலை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டியளோ?”

“கல்லிலை ஏறுறதுக்கு அண்ணை. விழுந்தா இதுக்கு மேலை விழலாம்.”

“விழுறதுக்கெண்டே பஸ் ஏறிப் போறியளோ? நல்ல பிழைப்பு.”

மெத்தைக்கும் ஒரு ரிக்கற் எழுதினார். பரந்தனுக்கு இருபத்தாறு கிலோமீற்றர், ஆளுக்கு நூற்றிருபது ரூபாய். மெத்தைக்கும் அதே விலை. அது எனக்குப் பக்கத்து இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து வந்தது.

பாதையின் இரு பக்கமும் வயல். மழை விட்டு ஒரு கிழமைதான் ஆகிறது. வாய்க்கால்கள் நிறைந்து கிடந்தன. எங்கள் ஊரில் பனையைவிட உயரமான பொருள் எதுவும் இல்லை. அப்பா உழவு மெசின் ஓட்டுகிறவர். அம்மா நாற்று நட்டவர். வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தபோதுதான் கல் என்பது தொடக்கூடிய, ஏறக்கூடிய ஒன்று என்று தெரிந்தது. கூடப் படித்தவர்கள் சனிக்கிழமைகளில் கூட்டிப் போனார்கள். கயிறு கிடையாது, ஆளைப்போல இரண்டு பங்கு உயரமுள்ள ஒரு குண்டுக்கல், அதன் கீழே ஒரு மெத்தை, கை வழுக்காமலிருக்க வெள்ளைத் தூள். போல்டரிங் என்று பெயர். படிப்பு வீட்டுக்காரர் எனக்காக எடுத்த முடிவு. கல் மட்டும் நானாக எடுத்தது.

இப்போது பூநகரியில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் ரியூசன் கொடுக்கிறேன். விடுமுறை வந்தால் நெடுங்கேணி. வன்னியில் ஏறுவதற்குக் காலம் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி நடுவரைதான். அதற்கு முன் மழை. அதற்குப் பின் வெயிலில் கல் தோசைக்கல்லாகிவிடும். இந்த ஆறேழு கிழமையில் காலைக் காற்று வறண்டு குளிர்ந்து வரும், கல் விரலைப் பிடித்துக்கொள்ளும்.

பரந்தனில் மாறி ஏ-ஒன்பது வீதியில் கிளிநொச்சி, மாங்குளம் தாண்டிப் புளியங்குளத்தில் இறங்கினேன். மணி பத்தரை. ஒரு வெறுந்தேத்தண்ணி ஐம்பது ரூபாய். நெடுங்கேணி பஸ் பதினொன்றுக்குப் பிறகே வந்தது. காடு இரு பக்கமும் நெருங்கி வர, யானை வேலிக் கம்பிகள் கூடவே ஓடிவந்தன.

நெடுங்கேணிச் சந்தையடியில் குணம் அண்ணை ஆட்டோவுடன் நின்றார். போன வருடம் என்னை முதன்முதலில் கற்களுக்குக் கொண்டுபோய் விட்டவர். இரவு தங்க இடமில்லை என்றதும் தன் வீட்டு முன்னறையைத் தந்தவர். இடது காலில் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சண்டை முடிந்து ஊர் திரும்பிய வருடம், மாடு தேடிப் போன இடத்தில் மிதிவெடி. அதை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் வேறு கதைக்கு நடுவில்.

“விரல் என்ன மாதிரி?” என்பது அவருடைய முதல் கேள்வி.

விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடது கை மோதிரவிரல். விரலை மடக்கும் நரம்பு எலும்பை விட்டு விலகாமல் பிடித்து வைத்திருக்க, உள்ளே சின்னச் சின்ன வளையங்கள் உண்டு. போன மாசியில் என்னுடையதில் ஒன்று பாதி கிழிந்தது. வவுனியாவில் கை பார்க்கும் டொக்டர் ஒருவர் படம் கீறிக் காட்டினார். “ஏறலாம். ஆனால் விரல் நுனியை ஊன்றி, மூட்டை மடக்கிப் பிடிக்கிற பிடி வேண்டாம். இன்னொரு தரம் போனால் முழுக்கப் போகும். பிறகு வெட்டித் தைத்தாலும் விரல் பழையபடி மடங்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.”

அந்தப் பிடி இல்லாமல் ஒரு பனிக்காலம் முழுவதும் ஏறுவது. விரலைக் காப்பாற்றிக்கொண்டே, போன வருடம் பாதியில் விட்ட ஒரு கல்லை ஏறி முடிப்பது. இதற்காகத்தான் வந்தேன்.

வீடு நெடுங்கேணியிலிருந்து கிழக்கே ஆறு கிலோமீற்றர், காட்டோரம். குணம் அண்ணையின் மனைவி செல்வி அக்கா படலையில் நின்று மெத்தையைப் பார்த்துச் சிரித்தார்.

“வந்திட்டார் கல்லுமாப்பிளை. இந்த முறையாவது கலியாணம் முடியுமோ?”

செல்வி அக்கா பல வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவர். தலையில் கவசம், முன்னால் கனத்த அங்கி, முழங்காலில் இருந்தபடி நாள் முழுக்க மண்ணைத் தடவுகிற வேலை. அவர் செய்த இடத்தில் வேலை முடிய ஆட்களை நிறுத்திவிட்டார்கள். இப்போது கச்சானும் உழுந்தும் போடுகிறார். நடக்கும்போது இன்னமும் நிலத்தைப் பார்த்துத்தான் நடப்பார்.

முதல் கிழமை நான் ஏறவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் குசினியில் செல்வி அக்கா தரும் சுடுதண்ணிக் கோப்பைக்குள் கையை வைத்துக்கொண்டு இருப்பேன். பிறகு விரலுக்குப் பிளாஸ்ரர் சுற்றி, குளத்தடிக் கற்களில் விரல்களை நீட்டியபடி, உள்ளங்கையால் ஒட்டிப் பிடிக்கிற இடங்களில் மட்டும் தொங்கினேன். ஒரு நாள் ஏறினால் இரண்டு நாள் ஓய்வு. ஓய்வு நாளில் குணம் அண்ணை கதிரையைப் போட்டு எனக்கு எதிரே இருந்துகொண்டு கேட்பார்:

“கல்லுக்கு மேலை என்ன கிடக்குத் தம்பி? தேன் இருக்கோ?”

“ஒண்டுமில்லை அண்ணை.”

“ஏறினாப் பிறகு?”

“இறங்குறது.”

“எனக்கொரு கால் இல்லை. உங்களுக்கு வேறை ஏதோ இல்லை.”

குளத்தடிக் கற்கள் மாடு மேயும் இடம், அங்கே பயமில்லை. ஆனால் என்னுடைய கல் அங்கே இல்லை. குளக்கட்டின் கிழக்கு முனையிலிருந்து கற்கள் காட்டுக்குள் இறங்கிப் போகின்றன. அந்த இடத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை ஒன்று, கறையான் அரித்துச் சாய்ந்து நிற்கிறது. அதற்கு அப்பால் இன்னும் யாரும் சோதிக்காத நிலம். கார்த்திகையில் ஒரு ஜீப்பில் ஆட்கள் வந்து பார்த்துப் போனார்கள், விரைவில் தொடங்குவார்கள் என்று ஊரில் கதை. பலகைக்கு அப்பால், பன்னிரண்டு பதின்மூன்று கற்கள் தள்ளி, கரையில் கவிழ்த்து வைத்த வள்ளத்தைப் போல முன்னுக்குச் சரிந்த ஒரு கல் இருக்கிறது. வன்னியில் நான் பார்த்த கற்களில் அழகானது அது. விரல் கிழிந்ததும் அதில்தான்.

கல்லுக்குள் யாரும் வெடி புதைக்க முடியாது. மண்ணில் கால் வைக்காமல் கல்லுக்குக் கல் தாண்டிப் போனால் ஆபத்தில்லை என்பது என் கணக்கு. அந்தக் கல்லின் அடியும் தட்டைப் பாறைதான், மெத்தையை அதன் மேல் விரிப்பேன். சில கற்களில் பாசி. பனி பெய்த காலையில் சவர்க்காரம்போல வழுக்கும். ஆகவே கால் பிடிக்கும் கற்களுக்கு மட்டும் அடையாளம் வைத்தேன். ஈரக்கையில் வெள்ளைத் தூளைக் குழைத்து, கல்லின் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சு. காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். வீட்டில் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள் என்று தெரியும்.

ஜனவரி பிறந்தது. கவிழ்த்த வள்ளத்தில் என் வேலை மெல்ல முன்னேறியது. அதன் நடுவில் விரல் நுனி மட்டும் கொள்ளும் ஒரு விளிம்பு உண்டு. டொக்டர் வேண்டாம் என்ற பிடியால்தான் அதைப் பிடிக்கலாம். அதைத் தொடாமல் போக வழி தேடினேன். இடது குதிக்காலை மேலே தூக்கிக் கல்லின் உதட்டில் கொளுவி, உடம்பின் பாரத்தைக் காலுக்கு மாற்றினால், வலது கை அந்த விளிம்பைத் தாண்டி அடுத்த பிடிக்கு எட்டியது. எத்தனையோ தரம் மெத்தையில் விழுந்த பிறகு ஒரு காலை எட்டியது. விரலில் ஒரு சின்ன வலிகூட இல்லை. பொங்கலுக்கு முதல்நாள் கடைசி நகர்வு மட்டும்தான் மிச்சம். இன்னும் ஒரு குளிர்ந்த காலை போதும் என்று நினைத்தேன்.

பொங்கலன்று செல்வி அக்கா முற்றத்தில் பொங்கினார். விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் சிவந்து, “காய்ஞ்ச விறகுக்கு வழியில்லாத காட்டுச் சீவியம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எல்லோருக்கும் தெரியும், காய்ந்த விறகு எங்கே கிடக்கிறதென்று. சிவப்புப் பலகைக்கு அப்பால் பல வருடமாக யாரும் பொறுக்காத பட்ட மரங்கள் மலைபோலச் சரிந்து கிடக்கின்றன.

இரண்டு நாள் கழித்து, காலை ஏழரை. வானம் மூடியிருந்தது, மழை வருவதற்கு முன் ஏறிவிட வேண்டும் என்று வேகமாக நடந்தேன். குளக்கட்டு முனைக்கு வந்தபோது மரத்தில் கத்தி விழும் சத்தம் கேட்டது. சத்தம் வரக்கூடாத பக்கத்திலிருந்து வந்தது.

மெத்தையைப் போட்டுவிட்டுக் கற்களில் தாவினேன். நாலைந்து கல் போனதும் தெரிந்தது. கவிழ்த்த வள்ளத்துக்கு இந்தப் பக்கம், இரண்டு பெரிய கற்களுக்கு நடுவில், மண்ணில், செல்வி அக்கா. காலடியில் கட்டி முடித்த விறகு. அடுத்த கொப்பை வெட்டக் கையை ஓங்கியிருந்தார்.

“அக்கா! அசையாதேங்கோ!”

அப்படியே நின்றார். “ஏன் தம்பி, பாம்போ?”

“இல்லை. அங்கை சோதிக்கேல்லை அக்கா. மண்ணிலை நிக்கிறியள்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ. ஜீப்பிலை வந்தவை சோதிச்சு வெள்ளைக் கல்லு வைச்சிருக்கினமே. வழி நீட்டுக்கும் பாத்துத்தானே வந்தனான்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மிதிவெடி எடுக்கிறவர்கள் ஆபத்தான எல்லைக்குச் சிவப்பும், சோதித்து முடித்த நிலத்துக்கு வெள்ளை பூசிய கல்லும் வைப்பார்கள். அந்த வெள்ளையை அவரே எத்தனையோ வருடம் தன் கையால் பூசியிருக்கிறார். நாங்கள் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏறுவதுபோல, அவர் வெள்ளைக் கல்லைப் பார்த்து நடந்திருக்கிறார்.

“அக்கா, அது என்ரை தூள். நான் தாண்டுறதுக்குப் பூசினது.”

அவர் கத்தியை மெதுவாக இறக்கினார். என்னைப் பார்க்கவில்லை, தன் கால்களைப் பார்த்தார்.

“நீங்கள் எங்காலை வந்தனீங்கள்?”

“கல்லாலைதான். மண்ணிலை ஒரு நாளும் கால் வைக்கேல்லை.”

“அப்ப கல்லாலையே கிட்ட வாங்கோ. ஓடாதேங்கோ.”

அந்தப் பள்ளத்தில் போனுக்குச் சிக்னல் இல்லை. முதல் துளிகள் விழத் தொடங்கின. மழை பிடித்தால் கல் வழுக்கும். நான் அவரிடம் போகவும் ஏலாது, அவர் மேலே வரவும் ஏலாது. வந்த வழியே திரும்பலாமா என்று கேட்டேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். சருகு. எங்கும் சருகு.

“சருகுக்குள்ளை என்ரை அடி எங்கை தெரியுது? வேண்டாம்.”

அவருக்கு முன்னால் ஓர் எட்டுத் தூரத்தில் ஒரு கல் எழும்பி நின்றது. அதன் தலைக்கு நான் வந்து, குப்புறப் படுத்து, தலைகீழாகக் கையை நீட்டினேன். கல்லின் முதுகு அவர் பக்கமாகச் சரிவு. பிடித்துக்கொள்ள ஏதும் இல்லாவிட்டால் அவருடைய பாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போகும். தேடினேன். இடது கைக்கு எட்டும் தூரத்தில் ஒரே ஒரு விளிம்பு இருந்தது. விரல் நுனி மட்டும் கொள்ளும்.

“அக்கா, செருப்பைக் கழட்டுங்கோ. வெறுங்கால்தான் கல்லிலை பிடிக்கும். காலை எடுக்காமல், அப்பிடியே முன்னுக்குச் சரிஞ்சு கல்லிலை கையை ஊண்டுங்கோ. பிறகு என்ரை கையைப் பிடியுங்கோ. காலை நேரே கல்லிலைதான் வைக்கோணும்.”

“நான் பாரம் தம்பி.”

“தெரியும்.”

“தெரியுமெண்டு சொல்லுறான் பாருங்கோ” என்றார். அந்த நேரத்திலும் சொன்னார்.

செருப்பை நின்ற இடத்திலேயே கழற்றி, அவற்றின் மேலேயே நின்றார். பிறகு வேரோடு சாயும் மரம்போல முன்னால் விழுந்து இரண்டு கையாலும் கல்லில் ஊன்றினார். வலது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். இடது கை விரல்களை விளிம்பில் ஊன்றி, மூட்டை மடக்கி இறுக்கினேன். வேறு வழியில் அதைப் பிடிக்க முடியாது. அவர் ஒரு காலைக் கல்லில் வைத்தார். அடுத்த காலை எடுத்தபோது முழுப் பாரமும் என்னில் இறங்கியது.

சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளி முறிந்த மாதிரி. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், மேலே பார்த்தார். நான் விடவில்லை. இரண்டாவது அடி, மூன்றாவது அடி, பிறகு அவருடைய முழங்கை கல்லின் தலைக்கு வந்தது. இருவரும் மழையில் அப்படியே கிடந்தோம்.

கொஞ்சம் மூச்சு வந்த பிறகு, “என்ன முறிஞ்சது?” என்று கேட்டார்.

“விரல்.”

“எந்த விரல்?”

கையைக் காட்டினேன். அவர் அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு கற்களின் மேலால், நான் முன்னுக்கும் அவர் பின்னுக்குமாக, சில இடங்களில் தவழ்ந்து, குளக்கட்டுக்கு வந்தோம்.

குணம் அண்ணை வீட்டில் நின்றார். செல்வி அக்கா தானே எல்லாவற்றையும் சொன்னார். அண்ணை கேட்டு முடித்து என்னிடம் திரும்பினார்.

“தம்பி, உங்களுக்குக் கல்லுத் தெரியும். ஊர் தெரியாது.”

“ஓம் அண்ணை.”

“அவனை ஏசாதேங்கோ. எனக்கும் கண் இருந்ததுதானே” என்றார் செல்வி அக்கா.

“ஏசேல்லை. சொல்லுறன்.” பிறகு ஆட்டோவை எடுத்து, “ஏறுங்கோ, ஆஸ்பத்திரிக்கு” என்றார். குழிகளில் மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

நெடுங்கேணியில் கட்டுப் போட்டு வவுனியாவுக்கு அனுப்பினார்கள். வளையம் முழுக்கப் போய்விட்டது, பக்கத்து வளையமும் போய்விட்டது. ஒப்பரேசனுக்கு மாசியில் திகதி தந்தார்கள். டொக்டர், “அந்தப் பிடிதானே?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

வவுனியாவிலிருந்து திரும்பி வந்தும் உடனே ஊருக்குப் போகவில்லை. குணம் அண்ணை கிராம சேவகரிடம் சொல்ல, இரண்டு நாளில் ஜீப் வந்தது. கவசம் போட்ட ஆட்கள் குளக்கட்டு முனையில் சிவப்புத் தடிகளை நட்டு நாடா கட்டினார்கள். உள்ளே இருந்த கற்களின் வெள்ளையை அவர்களே பலகையின் பக்கமாக நின்று தண்ணீர் பீச்சிக் கழுவினார்கள். குளத்தடிக் கற்களை நான் கழுவினேன். அங்கேயும் ஏறும் பிடிகளில் தூள் பூசியிருந்தேன். அவை மாடு மேயும் இடமென்றாலும் இனி ஒரு வெள்ளையும் அங்கே இருக்கக்கூடாது. ஒரு கையால் தேங்காய்த் தும்பைப் பிடித்துத் தேய்த்தேன். செல்வி அக்கா வாளியில் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

“அங்காலை நிக்கிற உங்கடை கல்லிலை காலமை எத்தனை தரம் விழுந்திருப்பியள்?”

“எண்ணேல்லை அக்கா.”

“முடிக்கேல்லையே.”

“இல்லை. ஒரு நகர்வு மிச்சம்.”

நாடாவுக்கு அப்பால் அவருடைய விறகுக்கட்டும் செருப்பும் கிடந்தன. இரண்டையும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “நல்ல வீரை விறகு. புகையே வராது” என்றார்.

தை கடைசியில் புறப்பட்டேன். மெத்தையை அங்கேயே விட்டேன். குணம் அண்ணை ஆட்டோவின் பின்னிருக்கைக்கு வெட்டிப் போடப்போவதாகச் சொன்னார். நெடுங்கேணியிலிருந்து புளியங்குளம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வலது கையால் மட்டும் கம்பியைப் பிடித்து நிற்பது எனக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து ஆளில் விழுந்தேன்.

இப்போது பூநகரி. ஒப்பரேசன் முடிந்து மூன்று மாதம். சோளகக் காற்றில் புழுதி பறக்கிறது. எங்கு பார்த்தாலும் தட்டை நிலம். ஏறுவதற்கு ஏதும் இல்லாத ஊரில் விரல் ஆறுவது நல்லதென்று அம்மா சொல்கிறார். மோதிரவிரல் மடங்குகிறது, உள்ளங்கையைத் தொடவில்லை. நடுவில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி. அது இனிக் குறையலாம், குறையாமலும் விடலாம் என்கிறார் டொக்டர். அப்பா ஒரு நாள், கேள்வியாகவும் இல்லாமல் பதிலாகவும் இல்லாமல், “இனி ஏறமாட்டாய்” என்றார். அந்த விளிம்பில் கையை வைத்தபோது இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியாமல் வைத்தேன் என்று இப்போது சொன்னால் அது பொய்.

போன கிழமை செல்வி அக்கா போன் எடுத்தார். பலகைக்கு அப்பால் உள்ள நிலத்தைச் சோதிக்க ஆள் எடுத்தார்களாம். பழைய ஆட்களுக்கு முதலிடமாம்.

“சேர்ந்திட்டன் தம்பி. பலகையடியிலை இருந்து தொடங்கியிருக்கிறம்.”

“விறகுக்கட்டடிக்கு எப்ப வருவியள்?”

“உங்களுக்கென்ன அவசரம்? ஒரு நாளைக்கு ஒரு பாய் அளவுதான் போகலாம். நேற்று ஒரு வெடி எடுத்தனாங்கள்.”

எங்கே என்று கேட்டேன்.

அவருக்குப் பின்னால் யாரோ வேலைக்குக் கூப்பிடும் குரல் கேட்டது.

“நான் உள்ளை நடந்து போன வழியிலை” என்றார். “விரலைப் பாத்துக்கொள்ளுங்கோ. வைக்கிறன்.”